இரண்டாவது சாவிக்காரர்

அலாரம் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே பறந்தேன். சத்தத்தை நிறுத்துவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். நகர மன்றத்தில் என் அறைக் கதவில் ‘இரைச்சல் தடுப்பு அலுவலர்’ என்று எழுதியிருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் ‘உஷ் மேடம்’ என்பார்கள். அப்படிப்பட்ட நான், அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் அலாரம் இன்னும் ஒரு மணி நேரம் காது கிழியக் கத்த வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். திருட்டு பயத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அலாரம் மாட்டிவிட்டார்கள். திருடன் வந்தால் அது கத்துகிறதோ இல்லையோ, பல்லி நடந்தால் கத்துகிறது, திரைச்சீலை ஆடினால் கத்துகிறது. வீட்டுக்காரர் வெளியூரில் நிம்மதியாக இருப்பார். தெரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். மூன்று வருடம் மன்றத்தின் படியேறி, செருப்புத் தேய்ந்து, இதற்கென்று ஒரு விதியைக் கொண்டுவந்தேன். அலாரம் இருபது நிமிடத்தில் தானாக அடங்க வேண்டும். அலாரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தன் வீட்டு மாற்றுச் சாவியை வைத்திருக்கும் இரண்டு பேரின் பெயரை எங்களிடம் எழுதித் தர வேண்டும். சாவிக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தோம். புகார் வந்ததும் அவர்களைக் கூப்பிடுவோம். இரண்டு பேரும் வர முடியாது, அல்லது வர மாட்டேன் என்றால், அலுவலர் வாசலில் நின்று இடைவிடாமல் அறுபது நிமிடம் அளக்க வேண்டும். அதற்குப் பிறகு பூட்டுக்காரரை வைத்துக் கதவைத் திறந்து அலாரத்தை அடக்கலாம்.

அந்தக் கடைசி அதிகாரத்துக்காகத்தான் நான் மூன்று வருடம் மல்லுக்கு நின்றேன். ஆறு மாதம் நடத்திப் பாருங்கள் என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த ஆறு மாதம் அன்றோடு முடிகிறது. மூன்று மணிக்குச் சுகாதாரக் குழு கூடி, விதி இருக்கலாமா போகலாமா என்று முடிவு செய்யப்போகிறது.

குழுத் தலைவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த விதியைப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற மனிதர். ஊரில் அவருக்கு ‘ஏன் சார்’ என்றே பெயர். “என் வீட்டுச் சாவியை நான் ஏம்மா அடுத்தவங்க கையில குடுக்கணும்?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்டவர். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதத்தில் எத்தனை வீட்டைத் திறந்தாய் என்று விசாரித்தார். ஒன்றுகூட இல்லை என்றேன். பயன்படுத்தாத அதிகாரம் ஏன், அதற்கு ஒரு அலுவலர் ஏன் என்றார். விதி போனால் என் பதவியும் போகும், என்னைக் குப்பைப் பிரிவில் போடுவார்கள். குப்பை கேவலமில்லை. ஆனால் மூன்று வருட உழைப்பு கண் முன்னால் குப்பைக்குப் போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

ஆறு மாதத்தில் நாற்பத்தொரு புகார் வந்தன. ஒவ்வொரு முறையும் சாவிக்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டு, பூட்டுக்காரரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பறப்பேன். தெருமுனை திரும்புவதற்குள் அலாரம் அடங்கிவிடும். எனக்கு எரிச்சலாக வரும். “பூட்டு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு மேடம்” என்பார் பூட்டுக்காரர். ஆளைப் பார்த்தால் சாது, வாயில் மட்டும் குசும்பு.

ஆகவே அன்று காலை நாற்பத்திரண்டாவது புகார் வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. தெருமுனை திரும்பினோம், சத்தம் அடங்கவில்லை. நீலக் கேட் போட்ட வீட்டின் முன்னால் ஸ்கூட்டர் நின்றது, அப்போதும் அடங்கவில்லை. மாடிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, இருபது நிமிடத்தில் தானாக அடங்கத் தெரியாத பழைய ரகம், அதில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய, சைரன் ஏறி இறங்கி ஏறிக் கத்தியது. அளவுக் கருவியை நீட்டினேன். தொண்ணூற்று நான்கு டெசிபல் காட்டியது. எதிர் வீட்டு நாய் காருக்கு அடியில் பதுங்கியிருந்தது. பக்கத்து மாடியில் ஒருவர் தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு நேரத்தைக் குறித்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கதவு திறக்கும், மூன்று மணிக்கு ‘ஏன் சார்’ வாய் மூடும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தனிக்கட்டை. முதல் சாவிக்காரர் அவருடைய மகள். போனில் பிடித்தேன். அப்பா தன்னைப் பார்க்கத்தான் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், ரயிலில் அவர் போன் எடுக்கவில்லை, தான் இருப்பது நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் என்று அழாக்குறையாகச் சொன்னாள். பரவாயில்லை அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னதில் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம் இருந்திருக்கும்.

இரண்டாவது சாவிக்காரர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். தையல்காரர். வீட்டின் முன்னறையே கடை. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு கோட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தார், முகம் சுருங்கியது. எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“போன வருஷம் என் மிஷின் சத்தம் தாங்க முடியலன்னு உங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டவரு அந்த வாத்தியாரு” என்றார். “இதே கதவுல நோட்டீஸ் ஒட்டினது நீங்க. இப்ப அவரு வீட்டுச் சத்தத்தை நிறுத்த நான் வரணுமா?”

உங்கள் பெயரைத்தான் சாவிக்காரராகக் கொடுத்திருக்கிறார் என்றேன். அது பழகிக்கொண்டிருந்த காலத்தில் கொடுத்ததாக இருக்கும், இப்போது அவர் முகத்தில் முழித்தே ஒரு வருடம் ஆகிறது, அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றார். அவர் தலைக்கு மேலே, அளவு நாடா தொங்கிய ஆணியிலேயே ஒரு சாவிக் கொத்தும் தொங்கியது. வாத்தியார் திருப்பிக் கேட்கவும் இல்லை, இவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

என் கையில் வாத்தியாரின் படிவம் இருந்தது. அதில் தேதி இருந்தது. பழைய காலத்துத் தேதி இல்லை, போன மாதம் பன்னிரண்டு. நான் மூன்று முறை நினைவூட்டல் அனுப்பிய பிறகு வாத்தியார் போன மாதம்தான் எழுதிக் கொடுத்தார். அதை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவத்தை மடித்தேன். “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லி வெளியே வந்து, ‘வர மறுக்கிறார்’ என்று கட்டத்தில் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக வந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு ஆபத்து வந்தது. தலையணைக்காரர் மாடியிலிருந்து ஏணியும் சுத்தியலுமாக இறங்கிவந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்து, ஒரே போடு, பெட்டியை உடைத்துவிடுகிறேன் என்றார். நான் ஏணிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அடுத்தவர் சொத்து, தொட்டால் வழக்கு என்று கத்தினேன். கத்தினால்தான் கேட்கும். “நீங்க சத்தத்துக்கு எதிரா வந்தவங்களா, இல்ல சத்தத்துக்குக் காவலா வந்தவங்களா?” என்று அவரும் கத்தினார். பூட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

முப்பத்தோராவது நிமிடத்தில் சைரன் இருமியது. தொண்டை கட்டிய மாதிரி ஒரு முனகல், சுருதி இறங்கியது, எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு நொடி நின்றாலும் இடைவிடாமல் என்ற கணக்கு போச்சு, முதலிலிருந்து அளக்க வேண்டும். கருவியின் முள்ளையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். எண்பது, எழுபத்தெட்டு, எண்பத்தைந்து, தொண்ணூற்று மூன்று. மறுபடி உச்சிக்குப் போய்க் கத்தியது. என் வயிற்றில் பாலை வார்த்தது அந்தச் சத்தம். பூட்டுக்காரரின் முதுகில் தட்டியே விட்டேன். அவர் வாசற்படியில் துணி விரித்து, கம்பிகளையும் சின்னத் துளைக்கருவியையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசை இருக்காதா?

நாற்பத்தேழாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காக்கிச் சட்டை கசங்கிய ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கி, நேராக நடக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம். காலையில் நாலரைக்கு எழுந்து முதல் நடையை முடித்துவிட்டு, பத்தரைக்குப் படுத்து ஒன்றரை வரை தூங்குவாள், பிறகு பிள்ளைகளை வீட்டில் விடுகிற நடை. இன்று கண் அசந்த கொஞ்ச நேரத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது என்றாள். வேறு எங்காவது போய்ப் படுக்கக் கூடாதா என்றேன். எனக்கே அது அபத்தமாகக் கேட்டது.

“ரெண்டு மணிக்கு முப்பத்தெட்டு பிள்ளைங்கள ஏத்தணும் மேடம். போன வாரம் ஒரு நாள் தூங்கல. சிக்னல்ல நின்னப்பவே கண்ணு மூடிடுச்சு, பின்னாடி ஹாரன் அடிச்சுதான் எழுந்தேன். பிள்ளைங்க சிரிச்சாங்க. மிச்ச தூரத்தை ஊர்ந்துதான் ஓட்டினேன்.” பிறகு என் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கிட்டே வந்து படித்தாள். “நீங்க இதை நிறுத்தத்தான வந்திருக்கீங்க?”

இன்னும் பதின்மூன்றே நிமிடம், அப்புறம் சட்டப்படி நிறுத்திவிடுவோம் என்றேன். அவள் வாதாடவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கேட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சைரன் ஏறும்போதெல்லாம் அவள் இமை துடித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவள் என்னை நம்பி உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. பதின்மூன்று நிமிடத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி நிலைத்தால் ஊர் முழுக்க எத்தனை பேர் தூங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஐம்பது. ஐம்பத்தொன்று. கணக்கு சரியாகத்தான் வந்தது, மனசுதான் ஒத்துழைக்கவில்லை. பையில் மடித்து வைத்திருந்த படிவம் நெருப்புத் துண்டாகச் சுட்டது. ஊர் தூங்குவதற்காக இந்த ஒருத்தியை விழித்திருக்க வைப்பேன் என்றால், நான் எதற்கு இந்த வேலையில் இருக்கிறேன்?

ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஓடினேன். வந்தபோது ஸ்கூட்டரில் பறந்ததைவிட வேகமாக ஓடினேன். பூட்டுக்காரர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. தையல்காரரின் மேசையில், கோட்டின் மேலேயே படிவத்தை விரித்து வைத்தேன்.

“இந்தத் தேதியைப் பாருங்க.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். தேதியின் கீழே விரலை வைத்தார். “போன மாசமா?” என்றார். ஆமாம் என்றேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் சுயநலத்துக்காகச் சொல்லவில்லை என்றேன். அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. விரல் கீழே நகர்ந்தது. அவர் பெயர், வீட்டு எண், அதற்குப் பக்கத்தில் உறவு முறை என்று ஒரு கட்டம். அதில் வாத்தியாரின் நெட்டுக்குத்தான எழுத்தில் ஒரே சொல் இருந்தது.

“நண்பர்னு போட்டிருக்காரு” என்றார் தையல்காரர். “ஒரு வருஷமா எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறோம். நண்பர்னு போட்டிருக்காரு பாருங்க.”

அடுத்த நொடி ஆணியில் நாடா மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, கழுத்தில் ஊசி குத்திய நூல், அறுபது வயது மனிதர் தெருவில் பறந்தார். பூட்டுக்காரர் அவருக்கு வழிவிட்டு எழுந்து நின்றார். பூட்டு ஒரே சுற்றில் திறந்தது. உள்ளே எந்த இடத்தில் எந்தப் பொத்தான் என்று அந்த மனிதருக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது.

சத்தம் நின்றது. அந்த அமைதியில் தெருவில் யார் வீட்டிலோ குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. என் கருவி முப்பத்தெட்டு என்றது. பஸ்காரப் பெண் கண்ணைத் திறக்காமலே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரமாவது தூங்குவாள். தையல்காரர் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. சமையலறை ஜன்னல் திறந்து கிடந்ததாம், காற்றில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்ததாம், மூடிவிட்டு வந்தேன் என்றார். சாவிக் கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

பூட்டுக்காரர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “குப்பைப் பிரிவுலயும் பூட்டு இருக்கும் மேடம்” என்றார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம், அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் விதிக்கு ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்பது வராந்தாவிலேயே பேசி முடிந்திருந்தது. மிச்சம் தலைவர். எத்தனை வீட்டைத் திறந்தீர்கள் என்று முதல் கேள்வியே அவருடையதுதான். ஒன்றுகூட இல்லை, இன்று காலையும் இல்லை என்றேன்.

“ஏன்?” என்றார்.

நூறு முறை அந்த ஏனைக் கேட்டு எரிச்சலடைந்திருக்கிறேன். அன்றுதான் முதல் முறையாக அதை உண்மையிலேயே யோசித்தேன். என் முன்னால் நாற்பத்திரண்டு வரிகள் கொண்ட பதிவேடு திறந்து கிடந்தது. ஆறு மாதமாக அதை என் தோல்விப் பட்டியல் என்று நினைத்து வெறுத்திருந்தேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். சாவிக்காரர் வந்தார். சாவிக்காரர் வந்தார். ஒன்பது நிமிடம், பதினான்கு நிமிடம், ஆறு நிமிடம். எழுந்து நின்றுவிட்டேன்.

“ஏன்னா அவங்க வந்துட்டாங்க சார்” என்றேன். “ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் எனக்கு முன்னாடி வந்துட்டாங்க.”

மூச்சு விடாமல் படித்தேன். எதிர் வீட்டுக்காரர், குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் தலையோடு வந்தார். மைத்துனி, ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மாடியில் குடியிருப்பவர், வாடகைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர், வந்தார். பழைய டிரைவர், வேலையை விட்டு நாலு வருடம் ஆனவர், சைக்கிளில் வந்தார். காலையில் நடந்ததையும் சொன்னேன். ஐம்பத்து மூன்று நிமிடம் ஒரு பெண்ணைத் தூங்கவிடாமல் வைத்திருந்ததையும், தேதியை மறைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். கதவை உடைக்கிற அதிகாரம்தான் விதி என்று நானே தப்பாக நினைத்திருந்தேன், விதி அந்த இரண்டு பெயர்கள்தான் என்றேன். வெட்கப்படவில்லை.

கைதூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த காலிப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு கட்டாயம் எழுதணுமா?” என்று கேட்டார்.

“கட்டாயம் சார்.”

“எழுத ஆள் இல்லேன்னா?”

அவர் அதைக் குழுத் தலைவராகக் கேட்கவில்லை. குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது. அவர் வீட்டிலும் அலாரம் இருக்கிறது. அவர் படிவம் மட்டும் ஆறு மாதமாக வரவில்லை. திமிர் என்று நினைத்து நாலு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன், நாலாவதில் சிவப்பு மையில் கோடுகூடப் போட்டிருந்தேன்.

“அடுத்த ஆறு மாசத்துக்குள்ள எழுதினாப் போதும் சார்” என்றேன். “கிடைப்பாங்க.”

அவர் படிவத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே கையை ஆதரவாகத் தூக்கினார்.